ஸ்டார்ட்டர் வயரிங் தெரிந்தவருக்கு பி.எல்.சி. புரோகிராமிங் எவ்வளவு தூரம்? எலெக்ட்ரீஷியன்கள் கையால் செய்தே கற்பது எப்படி?

புனே பக்கம் சக்கனிலோ, ஹரியானாவின் மானேசரிலோ, ஓசூரிலோ ஒரு ஆலையில் நீங்கள் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருந்தால் இது பழகிப்போன கதை. இரவு ஷிஃப்டில் ஒரு மெஷின் நிற்கிறது. ஃபியூஸ் பார்த்தாச்சு, ஓவர்லோடு ரீசெட் பண்ணியாச்சு, மோட்டாரை மெக்கர் வெச்சுப் பார்த்தாச்சு. எல்லாம் சரி. ஆனால் கான்டாக்டர் இழுக்கவில்லை. அடுத்து சூப்பர்வைசர் சொல்வது இதுதான்: "புரோகிராம் பிரச்னையா இருக்கும், இன்ஜினியருக்கு போன் போடு."

அவர் லேப்டாப்போடு வந்து சேரும்வரை லைன் நிற்கும். வந்தவர் ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில இருக்கிற ப்ராக்ஸிமிட்டி சென்சார் சிக்னல் வரல" என்பார். வயரைச் சரி செய்வது மறுபடியும் நீங்கள்தான். ஆனால் பிரச்னையைக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்கு. சம்பள வித்தியாசமும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிட வேலையைக் கற்க பி.இ. பட்டம் தேவையில்லை. லட்சக்கணக்கில் கட்டணமும் தேவையில்லை. ஆனால் யூடியூப் வீடியோ பார்ப்பதால் மட்டும் அது வராது. வயரிங் எப்படிக் கையால் செய்து வந்ததோ, அதே வழியில்தான் இதுவும் வரும்.

முதலில், அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது?

1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் ஆலையில் சுவர் சுவராக நிற்கும் ரிலே பேனல்களைப் பிரித்து, மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்தது. இதற்குப் பதிலாக, வயரை மாற்றாமல் வேலையை மாற்றக்கூடிய ஒரு எலெக்ட்ரானிக் கருவி வேண்டும் என்று அதன் ஹைட்ரா-மேட்டிக் பிரிவு கேட்டது. டிக் மார்லி இருந்த பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழு உருவாக்கிய கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர். அந்த நிறுவனத்தின் 84-வது புராஜெக்ட் என்பதால் அந்த எண்.

இதில் உங்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்தக் கருவிக்கான மொழியை கம்ப்யூட்டர் ஆட்களுக்காக வடிவமைக்கவில்லை. ஷாப் ஃப்ளோரில் ரிலே சர்க்யூட் படத்தைப் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஏணி போன்ற அந்தப் படத்தை அப்படியே திரையில் கொண்டுவந்தார்கள். அதுதான் லேடர். இடது பக்கம் ஒரு சப்ளை கோடு, வலது பக்கம் இன்னொன்று, நடுவில் என்.ஓ., என்.சி. கான்டாக்டுகள், கடைசியில் காயில். டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டைப் படுக்கப்போட்டு வரைந்தால் அதுதான்.

பிறகு வந்த ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேச தரம், முதலில் 1993-ல் வெளியானது, வேறு மொழிகளையும் சேர்த்துக்கொண்டது. வரி வரியாக எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் அதில் ஒன்று. இளம் இன்ஜினியர்கள் அதை விரும்புவார்கள். நீங்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

வயரிங்குக்கும் பி.எல்.சி.க்கும் உள்ள ஒரே பெரிய வித்தியாசம் நேரம். ரிலே பேனலில் எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கும். பி.எல்.சி. அப்படி இல்லை. முதலில் எல்லா இன்புட்டையும் ஒருமுறை படிக்கும். பிறகு புரோகிராமை மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் கணக்கிடும். கடைசியில் அவுட்புட்களை எழுதும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு சில மில்லி விநாடிகள்தான் ஆகும். இதற்கு ஸ்கேன் என்று பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களைக் குழப்பும் பாதி விஷயங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

முதல் மாதம் எதை வாங்குவது? எதையும் வாங்க வேண்டாம்

ஒரு சாதாரண விண்டோஸ் லேப்டாப் போதும். டெல்டா நிறுவனத்தின் டி.வி.பி. வரிசை பி.எல்.சி.களுக்கான டபிள்யூ.பி.எல்.சாஃப்ட் இலவசம், உள்ளேயே சிமுலேட்டர் இருக்கிறது. ஷ்னைடரின் எம்221-க்கான மெஷின் எக்ஸ்பர்ட் பேசிக், ஆலன் பிராட்லியின் சிறிய மைக்ரோ800 வரிசைக்கான கனெக்டட் காம்போனென்ட்ஸ் வொர்க்பெஞ்சின் அடிப்படைப் பதிப்பு ஆகியவையும் காசு கேட்பதில்லை. ஜெர்மனியின் கோடிசிஸ் முழு மென்பொருளையே இலவசமாகத் தருகிறது. அதோடு வரும் சாஃப்ட் பி.எல்.சி. உங்கள் லேப்டாப்பையே பி.எல்.சி.யாக மாற்றும். லைசென்ஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி இரண்டு மணி நேரம். பழகுவதற்கு இது தாராளம்.

சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டலுக்கு 21 நாள் ட்ரையல்தான். ஆகவே தீபாவளி லீவுக்கு முன்னால் இன்ஸ்டால் செய்து வீணாக்காதீர்கள். அடிப்படை பிடிபட்ட பிறகு, மூன்று வாரம் உட்கார நேரம் இருக்கும்போது திறந்தால் போதும்.

ஐந்து மென்பொருளையும் இறக்கிவிட்டு எதையும் கற்காமல் இருப்பதுதான் பலருக்கு நடக்கிறது. ஒன்றை மட்டும் எடுங்கள். எதை எடுப்பது என்று குழம்பினால், நாளை ஷிஃப்டில் உங்கள் ஆலையின் பேனல் கதவுகளுக்குள் என்ன பிராண்டு இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எது அதிகமோ அதுதான் உங்கள் பிராண்டு. இன்னும் வேலையில் சேராதவரா? சிறிய பேக்கிங் மெஷின்களில் டெல்டா நிறையக் கிடைக்கும், அங்கே தொடங்கலாம். லேடர் என்பது சைக்கிள் மாதிரி. ஒரு கம்பெனி வண்டியில் பழகினால் இன்னொன்றில் பெல்லும் பிரேக்கும் எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும்.

ட்ராஃபிக் சிக்னலை விடுங்கள், உங்கள் ஸ்டார்ட்டரில் இருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான பயிற்சி மையங்கள் முதல் பாடமாக ட்ராஃபிக் லைட் கொடுப்பார்கள். உங்களில் எத்தனை பேர் இதுவரை ட்ராஃபிக் லைட் வயரிங் செய்திருக்கிறீர்கள்? ஐ.டி.ஐ.யில் கை வலிக்க வலிக்க வயரிங் செய்தது டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். அதையே எடுங்கள். அதன் சரியான நடத்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், திரையில் தப்பு நடந்தால் உடனே பிடிபடும்.

பச்சை பட்டன் எக்ஸ்0. சிவப்பு பட்டன் எக்ஸ்1. கான்டாக்டர் ஒய்0. எக்ஸ்0-வை என்.ஓ.வாகப் போட்டு, அதற்கு இணையாக ஒய்0-வின் ஒரு கான்டாக்டைப் போடுங்கள். இதுதான் நீங்கள் 13-14-இல் எடுக்கும் ஹோல்டிங். அடுத்து சீரிஸாக எக்ஸ்1-ஐ என்.சி.யாகப் போட்டு, கடைசியில் ஒய்0 காயில். சிமுலேட்டரில் எக்ஸ்0-வைத் தட்டினால் ஒய்0 பிடிக்கும், எக்ஸ்1-ஐத் தட்டினால் விழும். பத்து நிமிட வேலை.

இப்போது இதையே நிஜ பி.எல்.சி.யில் ஏற்றி, நிஜ சிவப்பு பட்டனின் என்.சி. கான்டாக்டை எக்ஸ்1-க்கு வயரிங் செய்து பாருங்கள். பச்சை பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் எடுக்காது!

ஏன்? சிவப்பு பட்டனை யாரும் அழுத்தாதபோது அதன் என்.சி. மூடியிருக்கிறது. எனவே எக்ஸ்1-க்கு எப்போதும் 24 வோல்ட் வருகிறது. பி.எல்.சி. பார்வையில் எக்ஸ்1 ஆன். திரையில் போட்ட என்.சி. கான்டாக்ட், இன்புட் ஆன் ஆனால் திறந்துகொள்ளும். வரி உடைந்தே கிடக்கிறது. பட்டனில் ஒரு என்.சி., புரோகிராமில் இன்னொரு என்.சி. என இரண்டும் சேர்ந்து தலைகீழாகிவிட்டது.

இங்கேதான் இரண்டு வழி பிரிகிறது. சுலபமான வழி, பட்டனின் என்.ஓ. கான்டாக்டுக்கு வயரை மாற்றுவது. மோட்டார் ஓடும், எல்லோரும் சந்தோஷம். ஆனால் ஒருநாள் அந்த ஸ்டாப் வயர் எலி கடித்தோ, டெர்மினல் தளர்ந்தோ கழன்றால் என்ன ஆகும்? ஸ்டாப்பை அழுத்தினாலும் பி.எல்.சி.க்குச் செய்தி போகாது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான வழி, பட்டனில் என்.சி.யை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் எக்ஸ்1-ஐ என்.ஓ.வாக மாற்றுவது. இப்போது வயர் அறுந்தால் எக்ஸ்1 ஆஃப் ஆகும், மோட்டார் தானாக நிற்கும்.

சிமுலேட்டரில் மட்டும் கற்ற ஒருவருக்கு இந்தச் சிக்கல் கடைசிவரை கண்ணில் படாது. திரையில் வயர் அறுவதில்லையே. லேடர் எழுதித் தரும் ஏ.ஐ. செயலிகளும் இப்போது வந்துவிட்டன. உங்கள் சிவப்பு பட்டனில் எந்த கான்டாக்ட் வயரிங் ஆகியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்லாமல் அவற்றுக்கும் தெரிய வழியில்லை. பேனலைத் திறந்து பார்த்த ஆளுக்குத்தான் தெரியும்.

ஒரு பலகை, கொஞ்சம் பழைய சாமான்

ஆகவே இரண்டாவது மாதம் ஒரு பலகை தயார் செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் போதும். அதில் ஒரு டின் ரெயில், ஒரு எம்.சி.பி., 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்., டெர்மினல் பிளாக்குகள். பச்சை, சிவப்பு பட்டன்கள், ஒரு செலக்டர் ஸ்விட்ச், காளான் தலை எமர்ஜென்சி பட்டன் ஒன்று. 24 வோல்ட் ரிலே மூன்று, இண்டிகேட்டர் விளக்கு மூன்று, ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார். பி.எல்.சி.க்கு டெல்டாவின் டி.வி.பி. 14 எஸ்.எஸ்.2 போன்ற சிறியது போதும். 8 இன்புட், 6 அவுட்புட் இருக்கிறது. புதிதாகவே சில ஆயிரம் ரூபாயில் முடியும், பழையது இன்னும் குறைவு. டெல்லியில் இருப்பவர்களுக்கு பகீரத் பேலஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட். பட்டன், ரிலே, விளக்கு எல்லாம் உங்கள் ஆலையில் கழித்துப்போட்ட பேனலிலேயே இருக்கலாம். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள்.

அதுவும் கட்டுப்படியாகாது என்றால் ஓபன் பி.எல்.சி. என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற போர்டுகளில் லேடரை ஓட்டும். ஆர்டுயினோ நகல் போர்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆனால் அதன் இன்புட் 5 வோல்ட்தான். ஆலையின் 24 வோல்ட் சென்சாரை நேரடியாகக் கொடுத்தால் போர்டு போய்விடும். பழகலாம், மெஷினில் மாட்டக்கூடாது.

பலகையில் 230 வோல்ட் வருவது எஸ்.எம்.பி.எஸ்.வரை மட்டும்தான் இருக்க வேண்டும். அந்த டெர்மினலை மூடி, எர்த் கொடுத்துவிடுங்கள். மற்ற அனைத்தும் 24 வோல்ட். மோட்டார் தேவையில்லை, விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். இந்தப் பலகை வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இருக்கப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

லேப்டாப்பை இணைப்பதில் ஒருநாள் போகும் என்று முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இப்போதைய லேப்டாப்பில் பழைய சீரியல் போர்ட் கிடையாது என்பதால் யு.எஸ்.பி.-சீரியல் கேபிள் வேண்டும். டிரைவர் ஏற வேண்டும், காம் போர்ட் எண் பொருந்த வேண்டும். டெல்டாவுக்கு இயல்பான அமைப்பு 9600, 7, ஈவன், 1. இதில் ஒன்று மாறினாலும் பேசாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நிஜ மெஷின் முன்னால் இரவு இரண்டு மணிக்கு இதே எரிச்சல் வருவதைவிட வீட்டில் வருவது நல்லது.

சென்சாரை இணைக்கும்போது பி.என்.பி.யா, என்.பி.என்.னா என்ற கேள்வி வரும். பி.என்.பி. சென்சார் வேலை செய்யும்போது பிளஸ் 24 வோல்ட்டைக் கொடுக்கும். என்.பி.என். இன்புட்டை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். பி.எல்.சி.யில் எஸ்/எஸ் என்று ஒரு டெர்மினல் இருக்கும். பி.என்.பி.க்கு அதை 0 வோல்ட்டிலும் என்.பி.என்.னுக்கு பிளஸ் 24-லும் கொடுக்க வேண்டும். மாறிப்போனால் சென்சாரின் விளக்கு எரியும், பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியாது. வேண்டுமென்றே ஒருமுறை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். மாற்று சென்சார் வாங்கிவந்து மாட்டும்போது ஆலைகளில் நடக்கும் கோளாறுகளில் இது ஒன்று.

பயிற்சிகள்: ஏற்கெனவே தெரிந்த சர்க்யூட், புதிய பெட்டி

டி.ஓ.எல். முடிந்ததும் ஃபார்வர்டு-ரிவர்ஸ். புரோகிராமில் இன்டர்லாக் போட்டுவிட்டோமே, வயரிங்கில் எதற்கு என்று தோன்றும். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் புரோகிராமுக்கு அது தெரியாது. எனவே காயில் லைனில் எதிர் கான்டாக்டரின் என்.சி.யும் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஸ்டார்-டெல்டா. இது சாதாரண டைமர் பாடம் என்று நினைத்தால், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. டெல்டாவில் 100 மில்லி விநாடி டைமருக்கு கே50 கொடுத்தால் 5 விநாடி. 5 விநாடி ஆனதும் ஸ்டார் விழுந்து, டெல்டா பிடிக்கும்படி எழுதுவீர்கள். பி.எல்.சி. ஒரே ஸ்கேனில் இரண்டையும் செய்துவிடும், அதாவது சில மில்லி விநாடிக்குள். ஆனால் ஸ்டார் கான்டாக்டர் என்பது இரும்பும் ஸ்பிரிங்கும். அது திறந்து, உள்ளே இருக்கும் ஆர்க் அணைவதற்குள் டெல்டா மூடினால் ஃபேஸுகள் நேரடியாக ஷார்ட் ஆகும். ஆகவே நடுவில் 50 முதல் 100 மில்லி விநாடி இடைவெளி கொடுக்க இன்னொரு டைமர் வேண்டும். கான்டாக்டரைக் கையில் பிரித்துப் பார்த்தவருக்கு இதைச் சொன்னதும் புரியும். பார்க்காதவருக்குப் புகை வந்த பிறகுதான் புரியும்.

இதே பயிற்சியில் ஒய்0 காயிலை இரண்டு வெவ்வேறு வரிகளில் எழுதிப் பாருங்கள். மேல் வரி ஆன் சொன்னாலும், கீழ் வரி ஆஃப் சொன்னால் விளக்கு எரியாது. ஸ்கேன் மேலிருந்து கீழாகப் போவதால் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும். ரிலே பேனலில் பழகியவர்களை அதிகம் தடுமாறவைக்கும் விஷயம் இது. ஒரு காயிலை ஒரே இடத்தில் மட்டும் எழுதுவது என்று கொள்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எம்.சி.பி.யை அணைத்து மறுபடி போடுங்கள். மோட்டார் தானாக எடுக்கிறதா? ஹோல்டிங் முறையில் எழுதியிருந்தால் எடுக்காது. செட்-ரீசெட் முறையில், மின்சாரம் போனாலும் நினைவில் நிற்கும் பிட்டை வைத்து எழுதியிருந்தால் எடுக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், கன்வேயரில் யாரோ கை வைத்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் அது எடுத்தால்? இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பயிற்சியையும் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

அடுத்ததாக, நம் எல்லார் அபார்ட்மென்டிலும் இருக்கும் சம்ப், மேல்தொட்டி, இரண்டு பம்ப். மேல்தொட்டி காலியானால் பம்ப் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும், சம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் எதுவானாலும் ஓடக்கூடாது. ஒவ்வொரு முறையும் பம்ப் மாறி மாறி ஓட வேண்டும். ஒன்று ட்ரிப் ஆனால் மற்றது எடுக்க வேண்டும். கேட்க எளிது, எழுத உட்கார்ந்தால் ஒரு வாரம் பிடிக்கும். தண்ணீர் அலையில் ஃப்ளோட் ஆடும்போது பம்ப் படபடவென்று ஆன்-ஆஃப் ஆகும். அதற்கு மூன்று விநாடி டைமர் போட வேண்டும் என்று நீங்களே கண்டுபிடிக்கும்போது, புரோகிராமர் ஆகிவிட்டீர்கள்.

வயரை உருவும் விளையாட்டு

இதுவரை சொன்னதெல்லாம் புரோகிராம் எழுதுவது. உண்மையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன் எழுதுவதைவிட படிப்பதுதான் அதிகம். எனவே இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். நீங்கள் வெளியே போனதும் அவர் பலகையில் ஏதாவது ஒரு கோளாறு செய்யட்டும். ஒரு வயரை உருவலாம், ஃபெரூலுக்கு மேல் டேப் சுற்றலாம், ரிலேயைப் பாதி பிடுங்கலாம், எஸ்/எஸ் காமனைக் கழற்றலாம், புரோகிராமில் ஒரு முகவரியை மாற்றலாம். நீங்கள் வந்து, வயரைத் தொடாமல், முதலில் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க வேண்டும்.

வழி இதுதான். சென்சார் அல்லது பட்டன் வேலை செய்யும்போது பி.எல்.சி.யில் அதற்குரிய இன்புட் விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் கோளாறு ஃபீல்டில் இருக்கிறது. வயர், காமன், சென்சார், சப்ளை. லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். எரிகிறது, ஆனால் அவுட்புட் விளக்கு எரியவில்லை என்றால்தான் லேப்டாப். ஆன்லைன் மானிட்டரில் அந்த அவுட்புட் காயில் இருக்கும் வரிக்குப் போங்கள். கரண்ட் போகும் கான்டாக்டுகள் நிறம் மாறித் தெரியும். எந்தக் கான்டாக்டில் நிறம் நிற்கிறதோ அதுதான் மெஷின் காத்துக்கொண்டிருக்கும் நிபந்தனை. அது இன்னொரு உள் பிட் என்றால், அந்த பிட்டின் காயில் எங்கே என்று தேடிப் போங்கள். இப்படி இரண்டு மூன்று தாவலில் கடைசியாக ஒரு நிஜ இன்புட்டில் வந்து நிற்பீர்கள். இரவு ஷிஃப்டுக்கு வந்த அந்த இன்ஜினியர் ஐந்து நிமிடத்தில் செய்தது இதைத்தான். இனி அவுட்புட் விளக்கும் எரிகிறது, கான்டாக்டர் மட்டும் இழுக்கவில்லை என்றால்? மறுபடி உங்கள் பழைய ராஜ்ஜியம். அவுட்புட் ஃபியூஸ், நடுவில் உள்ள ரிலே, காயில், நியூட்ரல்.

பத்து கோளாறை இப்படிக் கண்டுபிடித்தவருக்கு டெஸ்ட் லாம்ப் மாதிரிதான் பி.எல்.சி. தெரியும். ஒரே சமயத்தில் நூறு இடத்தில் வைத்த டெஸ்ட் லாம்ப்.

நிஜ மெஷினில் கை வைப்பதற்கு முன்

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. ஆலையில் முதல் ஆறு மாதம் பார்ப்பது மட்டும் போதும், அதுவும் அனுமதியோடு. சொந்த லேப்டாப்பையும் பென் டிரைவையும் மெஷினில் செருகுவது பல நிறுவனங்களில் வேலை போகும் குற்றம்.

அப்லோடு என்றால் பி.எல்.சி.யிலிருந்து லேப்டாப்புக்கு. டவுன்லோடு என்றால் லேப்டாப்பிலிருந்து பி.எல்.சி.க்கு. மொபைலில் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். தவறிப்போய் டவுன்லோடை அழுத்தினால் ஓடும் மெஷினின் புரோகிராம் மேல் உங்கள் பயிற்சி புரோகிராம் ஏறிவிடும். எதைத் தொடும் முன்பும் அப்லோடு செய்து, தேதி போட்டுச் சேமிக்க வேண்டும். ஆனால் எல்லா பி.எல்.சி.யும் விளக்கக் குறிப்புகளைத் தன்னிடம் வைத்திருக்காது. அப்லோடு செய்தால் பெயரில்லாத எக்ஸ், ஒய், எம் மட்டும் வரும். மெஷின் வரும்போதே அசல் ஃபைலை வாங்கி வைக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள்.

ஃபோர்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. சென்சார் இல்லாமலே ஆன் என்று நம்பவைப்பது. கார்டு கதவு திறந்திருக்கும்போது மூடியிருப்பதாக பி.எல்.சி.யை நம்பவைத்தால், உள்ளே கை வைத்திருப்பவருக்கு யார் பொறுப்பு? அதேபோல எமர்ஜென்சி ஸ்டாப் சாதாரண பி.எல்.சி.யின் புரோகிராமை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. சேஃப்டி ரிலே வழியாகவோ, நேரடி வயரிங்கிலோ சப்ளையைத் துண்டிக்க வேண்டும். பலகையிலும் அப்படியே பழகுங்கள்: காளான் பட்டன் அவுட்புட்களின் 24 வோல்ட்டையே அறுக்கட்டும். அதன் இன்னொரு கான்டாக்டை, தகவலுக்காக மட்டும், ஒரு இன்புட்டுக்குக் கொடுங்கள்.

சிறிய பி.எல்.சி.யின் ரிலே அவுட்புட் பொதுவாக ஒன்றிரண்டு ஆம்பியர்தான் தாங்கும். பெரிய கான்டாக்டர் காயிலை நேரடியாகக் கொடுக்காமல் நடுவில் ஒரு ரிலே போடுங்கள். டி.சி. காயிலுக்குக் குறுக்கே டயோடு, ஏ.சி. காயிலுக்கு ஸ்னப்பர்.

கோர்ஸ் சேரலாமா?

சேரலாம். ஆனால் பலகையில் கொஞ்சம் அடிபட்ட பிறகு சேர்ந்தால் கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். எதைக் கேட்பது என்று அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அரசுத் தரப்பில் சென்னை, ஹைதராபாத், மும்பை, லூதியானா, கான்பூர், ஹௌராவில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய ஏ.டி.ஐ.க்கள்தான் இவை. ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கான குறுகிய கால வகுப்புகளுக்குப் பெயர்பெற்றவை. எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இந்தோ-ஜெர்மன் டூல் ரூம்கள் அகமதாபாத், இந்தூர், ஔரங்காபாத் என்று நாம் அறிந்த சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிய இடங்களில் உள்ளன. கர்நாடகத்தில் 150, தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதிய கருவிகளோடு தரம் உயர்த்தப்படும் திட்டத்தில் இடம்பெற்றவை. நீங்கள் படித்த ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருந்தால், பழைய மாணவர் என்ற உரிமையில் போய் விசாரியுங்கள். தியரி வேண்டுவோருக்கு ஐ.ஐ.டி. காரக்பூர் பேராசிரியர்களின் இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசம். ஆங்கிலத்தில், கொஞ்சம் கனமாக இருக்கும்.

தனியார் மையத்துக்குப் போகிறீர்கள் என்றால், "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்ற போர்டைப் பார்க்காமல் லேபைப் பாருங்கள். ஒரு கிட்டுக்கு எத்தனை பேர்? வயரிங் நாங்களே செய்வோமா, ஏற்கெனவே வயரிங் செய்த பெட்டியில் பட்டனைத் தட்டுவோமா? கோளாறு கண்டுபிடிக்கும் வகுப்பு உண்டா? ஒரு மாதத்தில் ஐந்து பிராண்டு, ஸ்காடா, ரோபோ எல்லாம் சொல்லித்தருவோம் என்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நாலு பேருக்கு ஒரு கிட் என்றால், உங்கள் கை அதில் படும் நேரம் கால்வாசிதான்.

அதன் பிறகு?

டிஜிட்டல் பிடிபட்டதும் அனலாக். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னல் ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குகிறது? 0 பார் அழுத்தமென்றால் 4 மில்லி ஆம்பியர். 0 மில்லி ஆம்பியர் வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டாப் பட்டனில் பார்த்த அதே புத்திதான் இங்கேயும். 0 முதல் 10 பார் டிரான்ஸ்மிட்டரில் 12 மில்லி ஆம்பியர் என்றால் 5 பார். சீமென்ஸில் இது 13824 என்ற எண்ணாகத் தெரியும், முழு அளவு 27648 என்பதால். இந்தக் கணக்கு மட்டும் போட வந்தால் பாதி அனலாக் முடிந்தது.

அடுத்து மோட்பஸ். நாம் சொன்ன சிறிய டெல்டா பி.எல்.சி.யில் அனலாக் கிடையாது. ஆனால் ஆர்.எஸ்.-485 போர்ட் இருக்கிறது. இரண்டே வயரில் ஒரு வி.எஃப்.டி.யோடு பேசி, வேகத்தை மாற்றி, ஆம்பியரைப் படிக்கலாம். கழித்துப்போட்ட சிறிய டிரைவ் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதில் 230 அல்லது 415 வோல்ட் வரும். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதனால் அது பலகையில் ஏறக்கூடாது, தனியாக மூடிய பெட்டியில் இருக்க வேண்டும்.

ஆங்கிலம் பயமுறுத்துகிறதா? மேனுவலில் அன்றாடம் தேவைப்படும் சொற்கள் முப்பது நாற்பதுக்குள்தான். மீதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வயரிங் படம். புரோகிராமில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் எதிரே குறிப்பு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, அதைப் படிக்கப்போகும் அந்நியர் நீங்களே.

வேலை தேடிப் போகும்போது சான்றிதழோடு இரண்டு விஷயம் கொண்டுபோகலாம். ஒன்று, நீங்கள் கண்டுபிடித்த கோளாறுகளின் நோட்டு: அறிகுறி என்ன, எந்த விளக்கு எரியவில்லை, எந்த வரியில் நின்றது, கடைசியில் என்னவாக இருந்தது. இன்னொன்று, உங்கள் பலகையை மொபைலில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. அதில் ஸ்டார்-டெல்டா ஓடுவது மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் வயரை உருவி, விளக்கு அணைவதையும் காட்டுங்கள்.